வாலும் மதிலும்

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வீட்டுத் திண்ணையில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்த தாத்தா, எதிர் வீட்டு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்து, "வால் ஸ்ட்ரீட்டில் மறுபடியும் ஏதோ களேபரமாம், ஐயா!" என்றார். குமாஸ்தா கவலையோடு தலையை ஆட்டினார். அவருக்கு அங்கே ஒரு தம்படியும் முதல் இல்லை. இருந்தாலும் கவலைப்பட வேண்டிய சமாசாரம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக் கொண்டிருந்த நான், "யாருடைய வால், தாத்தா?" என்று கேட்டேன்.

தாத்தா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்துவிட்டது. குமாஸ்தாவோ, "யாருடைய வாலாயிருந்தால் என்ன? பிடித்தவன் பாடுதான் திண்டாட்டம்!" என்று ஒரு போடு போட்டார். இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பெரியவர்கள் சிரித்துவிட்டால் பதில் சொல்லியாயிற்று என்று அர்த்தம். அது அந்த நாளைய வழக்கம்.

பிற்பாடு நான் சரித்திர உபாத்தியாயர் ஆனேன். தாலுகா ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷ காலம் சாக்கட்டியும் கையுமாகக் கழித்தேன். தாத்தா சொல்லாமல் விட்ட பதிலை என் மாணாக்கர்களுக்கு வருஷந் தவறாமல் சொல்லிக் கொடுத்தேன். ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேறிய பாடம் வரும்போது கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுவேன்: 'நியூயார்க்கின் பழைய பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1653-ஆம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் அந்த ஊரைப் பாதுகாக்க மதில் ஒன்று கட்டினார்கள். மதில் இருந்த தெரு ஆதலால் அதற்கு வால் ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது.' மூன்றே வாக்கியம். பரீட்சையில் வந்தால் இரண்டு மார்க்கு. "இது நம் ஊர் வால் அல்ல, இங்கிலீஷ் வால்" என்று திண்ணைக் கதையையும் சேர்த்துச் சொல்லுவேன். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். அந்தப் பாடம் நடத்துகிற நாளில் எனக்கே என்மேல் கொஞ்சம் பிரியம் உண்டாகும் என்பதை மறைப்பானேன்?

அந்த மூன்று வாக்கியங்களிலும் வருஷப் பிழை இல்லை, பெயர்ப் பிழை இல்லை. ஆனாலும் அவற்றில் ஒரு பெரிய பிழை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நான் அந்தத் தெருவுக்கே போக வேண்டியதாயிற்று.

என் பேத்தி நியூயார்க் நகரத்தில் ஒரு காரியாலயத்தில் கணக்குப் பரிசோதனை உத்தியோகம் பார்க்கிறாள். சில மாதம் அவளோடு தங்கியிருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, "தாத்தா, உங்கள் வால் தெருவைக் காட்டுகிறேன், புறப்படுங்கள்!" என்று பாதாள ரயிலில் ஏற்றி அழைத்துக்கொண்டு போனாள்.

நேயர்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, முதலில் நான் பார்த்தது ஒரு வாலைத்தான். பௌலிங் கிரீன் என்ற சிறு பூங்காவின் முனையில் வெண்கலத்தில் ஒரு பிரம்மாண்டமான காளை, முட்ட வருவது போல் தலையைத் தாழ்த்தி, வாலை முறுக்கித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆர்ட்டுரோ டி மோடிகா என்ற சிற்பி 1989-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்து இரவு ஒன்றில், யாரையும் கேட்காமல், பங்கு மார்க்கெட்டின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போன காளை அது. அதிகாரிகள் அப்புறப்படுத்தினார்கள், ஜனங்கள் விடவில்லை, கடைசியில் இந்த இடம் கிடைத்தது. காளையின் முகத்தருகே நின்று படம் பிடித்துக்கொள்ள ஒரு வரிசை, வால் பக்கத்தில் இன்னொரு வரிசை. வால் பக்கத்து வரிசைதான் நீளம். எட்டு வயதில் நான் கேட்ட கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானதல்ல என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் வால் ஸ்ட்ரீட். பெயரைக் கேட்டு மனத்தில் நான் கட்டி வைத்திருந்த ராஜபாட்டை எங்கே, இது எங்கே! கும்பகோணத்துக் கோவில் சந்துகளை நினைவூட்டும்படியான ஒடுக்கம். இரு பக்கமும் கட்டடங்கள் வானளாவி நிற்பதால் நடுப்பகலிலும் நிழல். நிதானமாக நடந்தால் பத்து நிமிஷத்தில் தெரு முடிந்துவிடுகிறது. மேற்குக் கோடியில் டிரினிடி மாதாகோவிலும் அதன் பழைய கல்லறைகளும். கிழக்குக் கோடியில் ஆறு. போதாக்குறைக்கு, உலகமெல்லாம் 'வால் ஸ்ட்ரீட்' என்று சொல்லும் பங்கு மார்க்கெட்டின் பெரிய தூண்கள் வைத்த முகப்பு வால் ஸ்ட்ரீட்டில் இல்லவே இல்லை. திரும்பினால் வருகிற பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அந்தப் பிராட் ஸ்ட்ரீட் டச்சுக்காரர் காலத்தில் வாய்க்காலாக இருந்து, 1676-இல் தூர்க்கப்பட்டது. வாய்க்கால் போன பிறகு அதன் அகலம் மட்டும் தெருவாக நிற்கிறது.

மார்கன் பாங்கியின் பழைய கட்டடச் சுவரில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். 1920-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி நண்பகலில் ஒரு குதிரை வண்டியில் வைத்திருந்த வெடிகுண்டு வெடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், குற்றவாளி அகப்படவேயில்லை. குழிகளைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். விரலை வைத்துப் பார்த்தேன்.

"தாத்தா, கீழே பாருங்கள்" என்றாள் பேத்தி. கல் பாவிய தளத்தின் நடுவே வரிசையாக மரக்கட்டைகளைப் பதித்திருந்தார்கள். பழைய மதில் நின்ற கோட்டைக் காட்டும் அடையாளம். நான் உடனே உபாத்தியாயர் ஆகிவிட்டேன். "1653-ஆம் வருஷத்தில் டச்சுக்காரர்கள்..." என்று ஆரம்பித்து மூன்று வாக்கியத்தையும் ஒப்பித்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, "டச்சுக்காரர்கள் கட்டினார்கள் என்றால் அவர்களே மரம் அறுத்து, மண் சுமந்து கட்டினார்களா, தாத்தா? எங்கள் காரியாலயக் கட்டடத்தைக்கூட முதலாளி 'நான் கட்டினது' என்றுதான் சொல்லுகிறார். ஒரு செங்கல்லையாவது அவர் தொட்டிருப்பார் என்று தோன்றவில்லை" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்பில் வெகு காலத்துக்கு முன் ஒரு பையன் இருந்தான். கொத்தனாரின் மகன். "தாஜ்மகாலைக் கட்டினது யார்?" என்று ஒரு நாள் கேட்டேன். "கொத்தனார், ஸார்!" என்றான். இது பழைய ஹாஸ்யம்; எல்லாப் பள்ளிக்கூடத்திலும் யாராவது ஒருவன் சொல்லுவதுதான். வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் அது. என் பொறுமை தேய்ந்திருந்தது. பையனைப் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். மணி அடிக்கிற வரையில் நின்றான். அவன் ஹாஸ்யத்துக்காகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று நான் விசாரிக்கவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம், பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், என் பேத்தியின் வாயிலிருந்து அதே பதில் வந்தது.

"தெரியவில்லை, அம்மா. பார்த்துச் சொல்லுகிறேன்" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் வகுப்பில் ஒரு தடவையாவது இப்படிச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

மறு நாளைக்கு மறு நாளிலிருந்து ஐந்தாவது அவென்யூவில் இரண்டு கல் சிங்கங்கள் காவல் இருக்கும் பெரிய புத்தகசாலைக்குப் போகத் தொடங்கினேன். கேட்ட புஸ்தகத்தைக் கேட்டவனுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். மேல்நாட்டில் நான் மனப்பூர்வமாகப் பொறாமைப்பட்ட விஷயம் அது ஒன்றுதான். அங்கே தெரிந்துகொண்ட கதையைச் சொல்லுகிறேன்.

1609-ஆம் வருஷம் ஹென்றி ஹட்ஸன் என்ற இங்கிலீஷ் மாலுமி 'அரைச் சந்திரன்' என்ற பெயருள்ள கப்பலில் இந்தத் தீவின் பக்கமாக வந்தான். அவனுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அவன் தேடி வந்தது அமெரிக்காவை அல்ல. ஆசியாவுக்குக் குறுக்கு வழியை. வழி அகப்படவில்லை, ஆறு அகப்பட்டது. அதே கம்பெனி அடுத்த வருஷம் நம் பழவேற்காட்டில் கால் வைத்தது என்பதை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அங்கே போக வேண்டியிருக்கிறது.

1621-இல் மேற்கிந்தியக் கம்பெனி என்று இன்னொன்று ஹாலந்தில் ஏற்பட்டது. மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற சிற்றூரை உண்டாக்கி ஆண்டது அதுதான். கம்பெனி ராஜ்யம் என்றால் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1647-இல் பீட்டர் ஸ்டைவஸண்ட் என்பவர் அதிகாரியாக வந்து சேர்ந்தார். யுத்தத்தில் ஒரு காலை இழந்து மரக்கால் கட்டிக்கொண்டவர், மகா கோபிஷ்டர்.

1652-இல் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் யுத்தம் மூண்டது. வடக்கே நியூ இங்கிலாந்திலிருந்து இங்கிலீஷ்காரர்கள் தரை வழியாக வந்து ஊரைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம் பிடித்தது. 1653 மார்ச்சு மாதத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீவின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் மரத்தால் மதில் எழுப்புவது என்று தீர்மானித்தார்கள். கஜானாவில் பணம் இல்லை. ஊரில் வசதியுள்ள நாற்பதுக்கு மேற்பட்ட பிரமுகர்களிடம் ஐயாயிரம் கில்டருக்கு மேல் கடனாகத் திரட்டினார்கள். ஆகவே, மதில் எழும்புவதற்கு முன்னால் அங்கே கடன் எழும்பிவிட்டது. அந்தத் தெருவின் ஜாதகம் அப்போதே கணிக்கப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பெரிய மரங்களைக் கூராகச் சீவி நெருக்கமாக நடுவதென்று யோசித்தார்கள். செலவு கட்டவில்லை. பலகைகளை அடித்து முடித்துக்கொண்டார்கள். நீளம் 2,340 அடி. உயரம் ஒன்பது அடி. அகல வீதியிலும் ஆற்றங்கரையிலுமாக இரண்டு வாசல்கள். மரம் கொடுக்கக் குத்தகை எடுத்தவர் தாமஸ் பாக்ஸ்டர் என்ற ஓர் இங்கிலீஷ்காரர்! இங்கிலீஷ்காரனைத் தடுக்க இங்கிலீஷ்காரனிடமே மரம் வாங்கினார்கள். அந்த ஆசாமி சில காலத்துக்குள் டச்சுக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் புறப்பட்டுவிட்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். வேலிக் குத்தகைதாரரே மேய்ந்த கதை இது.

எதிர்பார்த்த எதிரி வரவில்லை. 1654-இல் சமாதானம் ஏற்பட்டுவிட்டது. காவலுக்கு வைத்த பலகைகளை ஊரார் அடுப்பெரிக்கப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறு வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஸ்டைவஸண்ட் படையோடு வெளியூர் போயிருந்த சமயம், அந்நாட்டுப் பூர்வகுடிகள் நூற்றுக்கணக்கானவர்கள் படகுகளில் வந்து கரையில் இறங்கினார்கள். டச்சுத் தோட்டக்காரன் ஒருவன், பீச்சுப் பழம் பறித்த குற்றத்துக்காக அவர்களைச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றதே காரணம் என்று வெகு காலமாகச் சொல்லப்படுகிறது. மதில் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் தண்ணீர் வழியாக வந்தார்கள்.

1664-இல் இங்கிலீஷ்காரர்களும் அப்படியே வந்தார்கள். நாலு யுத்தக் கப்பல்கள் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சின. சரணடையும்படி வந்த கடிதத்தை ஸ்டைவஸண்ட் கிழித்துப் போட்டார். ஊர்ப் பிரமுகர்கள் தொண்ணூற்று மூன்று பேர், சண்டை வேண்டாம் என்று மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதில் ஒரு கையெழுத்து அவருடைய சொந்தப் பிள்ளையுடையது. கிழவர் மரக்காலை ஊன்றிக்கொண்டு போய் ஊரை ஒப்படைத்தார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆயிற்று. 1673-இல் டச்சுக்காரர்கள் திரும்பப் பிடித்தபோது அவர்களும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். அடுத்த வருஷம் உடன்படிக்கையில் விட்டுக் கொடுத்தார்கள். அந்த மதில் இருந்த நாற்பத்தாறு வருஷத்தில் எந்தச் சேனையையும் தடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

மதிலின் உட்புறத்து வழியை டச்சுக்காரர்கள் 'ஸிங்கல்' என்று அழைத்தார்கள். அரைக்கச்சை என்று பொருள். 1685-இல் இங்கிலீஷ்காரர்கள் மதிலை ஒட்டித் தெருவை அளந்து அமைத்தார்கள். 1699-இல் மதிலை இடித்துவிட்டார்கள். கொத்தளத்துக் கற்களைக் கொண்டு அதே தெருவில் நகர மண்டபம் கட்டினார்கள். பிற்காலத்தில் அந்த மண்டபத்தின் மாடியில் நின்றுதான் 1789-ஆம் வருஷம் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. இங்கே சுவர் போய் முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சித்திரம் மட்டும் அழியவில்லை.

பெயரைப் பற்றி வேறொரு கட்சியும் உண்டு. 1624-இல் முதலில் வந்து குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலோர் பெல்ஜியப் பக்கத்திலிருந்து வந்த வலூன் ஜாதியார். டச்சுப் பாஷையில் அவர்களுக்கு 'வால்' என்று பெயர். ஆகையால் இது 'வாலர் தெரு'தான் என்று சிலர் வாதிக்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் தெரு மதில் இருந்த கோட்டிலேயே ஓடுகிறது; டச்சில் 'வல்' என்றாலும் கொத்தளம்தான். மதிலுக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரையில் என் மூன்று வாக்கியங்களுக்குப் பழுதில்லை. 'கட்டினார்கள்' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

மரம் இழுத்து, பள்ளம் வெட்டி, பலகை நிறுத்தியவர்களில் ஊர்க் குடிகளும் உண்டு. முறை வைத்து வேலை செய்யும்படி உத்தரவு போட்டிருந்தார்கள். அவர்களோடு வேலை செய்தவர்கள் கம்பெனியின் ஆப்பிரிக்க அடிமைகள். கோட்டை கட்டியதும், காடு வெட்டியதும், பாதை போட்டதும் அவர்களே. 1626-ஆம் வருஷ வாக்கில் பதினொரு பேரைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து அந்த ஊரின் கடின வேலை முழுவதும் அவர்கள் தலையில் ஏறியது. சிலருடைய பெயர்கள் காகிதத்தில் இருக்கின்றன: பாலோ அங்கோலா, ஸீமோன் காங்கோ, ஆந்தோணி போர்ச்சுகீஸ். தாய் தகப்பன் வைத்த பெயர்கள் அல்ல. எந்தத் தேசத்திலிருந்து பிடித்து வந்தார்கள், யாரிடமிருந்து பறித்து வந்தார்கள் என்பதே பெயராகிவிட்டது. மூட்டைமேல் ஊர்ப் பெயர் எழுதி அனுப்புகிறோம் அல்லவா, அந்த மாதிரி.

1644-இல் பதினொரு பேர் விடுதலை கேட்டு மனுச் செய்தார்கள். கம்பெனி 'அரை விடுதலை' கொடுத்தது. இப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர்களும் மனைவிமார்களும் சுதந்திர மனிதர்கள். வருஷந்தோறும் இவ்வளவு தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். கூப்பிட்டபோது வந்து வேலை செய்ய வேண்டும். பிறந்த பிள்ளைகளும் இனிப் பிறக்கப் போகிற பிள்ளைகளும் கம்பெனியின் அடிமைகள்! தகப்பன் சுதந்திர மனிதன், மடியிலிருக்கும் குழந்தை பிறத்தியார் சொத்து. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அன்றைக்குப் புஸ்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

மறு நாள் இன்னொன்று தெரிந்தது. அவர்களுக்கும் அவர்களைப் போன்ற மற்றவர்களுக்கும் கொடுக்கப்பட்ட நிலங்கள் எங்கே இருந்தன? ஊருக்கு வடக்கே. அதாவது, பிற்பாடு மதில் எழுந்தபோது மதிலுக்கு வெளியே. வடக்கிலிருந்து யார் வந்தாலும் முதலில் அகப்பட்டுக்கொள்வது அவர்கள் குடிசைகள். ஊருக்கு மதில் இருந்தது. மதிலுக்கு மதிலாக அவர்களை வைத்திருந்தார்கள்.

இங்கிலீஷ்காரர் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. மதில் போய்ப் பன்னிரண்டு வருஷங் கழித்து, 1711-இல், நகர சபையார் வால் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில், ஆற்றங்கரையில், அடிமைகளை விற்கவும் வாடகைக்கு விடவும் ஒரு சந்தையை ஏற்படுத்தினார்கள். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. நம் ஊர்ச் சந்தைக் கொட்டகை போல. ஆப்பிரிக்கர்களும் பூர்வகுடிகளும் அங்கே விற்கப்பட்டார்கள். 1762 வரையில் அந்தச் சந்தை நடந்தது. இருபத்து நாலு தரகர்கள் அத்தெருவின் பட்டன்வுட் மரத்தடியில் ஒப்பந்தம் செய்துகொண்டு பங்கு வியாபாரத்துக்கு வித்திட்டது 1792 மே மாதம் 17-ந் தேதி. அதை எல்லாப் புஸ்தகமும் சொல்லுகிறது. நானும் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மரத்தடி வியாபாரத்துக்கு எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே அத்தெருவில் நடந்த கொட்டகை வியாபாரத்தை நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பேத்தியை நான் அழைத்துக்கொண்டு போனேன். கிழக்கே நடந்து, பெர்ல் ஸ்ட்ரீட் என்னும் முத்துத் தெருவைத் தாண்டினோம். ஆதியில் சிப்பி கிடந்த ஆற்றங்கரை அதுதான். அதற்கப்பால் உள்ள தெருக்களெல்லாம் பின்னால் தண்ணீரைத் தூர்த்து உண்டாக்கியவை. வாட்டர் ஸ்ட்ரீட் முனையில் ஒரு பலகை நிற்கிறது. அந்த அடிமைச் சந்தையைப் பற்றி நகராண்மையார் 2015-ஆம் வருஷத்தில் வைத்தது. சந்தை எடுபட்டு இருநூற்றைம்பத்து மூன்று வருஷம் கழித்து! நாங்கள் நின்று படித்த கால் மணி நேரத்தில் நூறு பேராவது கடந்து போயிருப்பார்கள். ஒருவரும் நிற்கவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"நான் தினம் மத்தியானம் இங்கேதான் வந்து சாப்பிடுகிறேன், தாத்தா" என்றாள் பேத்தி. வேறொன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஆப்பிரிக்கர் இடுகாட்டுக்குப் போனோம். பழைய மதிலுக்கு வடக்கே இருக்கிறது. 1991-இல் ஸர்க்கார் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது எலும்புக்கூடுகள் அகப்பட்டன. நானூற்றுக்கு மேற்பட்டவர்களை எடுத்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். 2003-இல் மரியாதையோடு அங்கேயே திரும்ப அடக்கம் செய்தார்கள். அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் புதைந்திருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். கருங்கல் நினைவு மண்டபத்தின் பக்கத்தில் ஏழு புல் மேடுகள் இருக்கின்றன. அங்கேயும் அதிகக் கூட்டம் இல்லை. காளையிடம் இருந்த வரிசை நினைவுக்கு வந்தது.

பழவேற்காடு விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஒரு வருஷம் என் மாணாக்கர்களை அங்கே உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போயிருந்தேன். 1613-இல் டச்சுக்காரர் கட்டிய ஜெல்டிரியாக் கோட்டை இருந்த இடத்தையும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் காட்டினேன். துணி வியாபாரம், மசாலா வியாபாரம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். 1620-க்கும் 1665-க்கும் இடையே அதே துறையிலிருந்தும் நம் கரையின் மற்றத் துறைகளிலிருந்தும், பஞ்சத்தில் அடிபட்ட நம் ஜனங்களைப் பல்லாயிரக் கணக்கில் வாங்கிக் கப்பலேற்றிப் படேவியாவுக்கு அனுப்பியதும் அந்த வியாபாரத்தில் சேர்ந்ததுதான். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உல்லாசப் பிரயாணத்தில் உல்லாசம் குறைந்திருக்கும். பையன்கள் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக் கொண்டிருந்தார்கள்; நானும் சிரித்தேன்.

ஊர் திரும்பியதும் கொத்தனாரின் மகனைத் தேடிக்கொண்டு போனேன். இப்போது அவரும் பெரிய மேஸ்திரி; பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு கட்டிக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாரத்திலிருந்து இறங்கி வந்து, கைச் சாந்தைக் கழுவிக்கொண்டு, "வாங்க ஸார், வெயிலில் ஏன் வந்தீர்கள்? சொல்லி அனுப்பினால் நானே வரமாட்டேனா?" என்று நாற்காலி போடச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். வால் தெருவைச் சொல்லி, மதிலைச் சொல்லி, பெஞ்சைச் சொன்னேன். "அன்றைக்கு நீ சொன்ன பதில்தான் சரி. இரண்டு மார்க்கு கொடுத்திருக்க வேண்டும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சாரத்தில் நின்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

"அது எனக்கு ஞாபகமில்லை, ஸார்" என்றார். "பெஞ்சு ஞாபகம் இருக்கிறது. ஒரு கால் குட்டை. விழுந்துவிடுவேனோ என்று மணி அடிக்கிற வரையில் பயந்துகொண்டே நின்றேன்."

பிறகு மேலே நிமிர்ந்து ஆட்களைப் பார்த்து, "என்னப்பா வேடிக்கை? கலவை இறுகிப் போகிறது, பாருங்கள்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, எனக்கு டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.